கேப்டனிடம் கேளுங்கள்: சகோதர நிறுவனத்தில் மறியல், நாம் பறக்கலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானி. சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதே முதலாளியின் இன்னொரு நிறுவனத்தில் விமானிகள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகிறார்கள். "அவங்க மறியலை நான் தாண்ட மாட்டேம்மா" என்கிறான், அதாவது அவர்கள் நிறுத்திய வேலையை இவன் செய்ய மாட்டானாம். அது இவன் சண்டையே இல்லையே? வேலை போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் மகன் நிற்கும் இடத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது நானும் துணை விமானி, ரிசர்வில் இருந்தேன். அதாவது கூப்பிட்டால் கிளம்ப வேண்டும். எங்கள் சகோதர நிறுவனத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி நான்காம் நாள், விடியற்காலை மூன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. பணி ஒதுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண். கூடுதலாக ஒரு விமானம் போகிறது, ஐந்தரைக்குள் வர வேண்டும் என்றார். விமான எண்ணைக் கேட்டு வாங்கினேன். வேலைநிறுத்தத்துக்கு முந்தைய நாள் எங்கள் கால அட்டவணையில் இருந்த எல்லா எண்களையும் சங்கம் ஒரு பட்டியலாக அனுப்பியிருந்தது. மேசை விளக்கைப் போட்டு விரலை வைத்துக்கொண்டே தேடினேன். அந்த எண் இல்லை. அந்த ஊருக்கு நாங்கள் பறந்ததே இல்லை. "இது வேலைநிறுத்தத்தில் இருப்பவர்களின் வேலை, நான் எடுக்க மாட்டேன்" என்றேன். சிறிது நேரம் சத்தமில்லை. "பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். என் நீளமான பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் சரியாகத் திருப்பிப் படித்தார். வைத்துவிட்டேன். கை நடுங்கியது.

இரண்டு நாளில் எச்சரிக்கைக் கடிதம் வந்து என் கோப்பில் ஏறியது. சங்கம் முறையீடு செய்தது. பல மாதம் கழித்துக் கடிதத்தை எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. உங்கள் மகனுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அவன் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்குத் தெரியும்.

முதலில், அவனுடைய ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? சில ஒப்பந்தங்களில் மறியலைத் தாண்ட மறுப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்று இருக்கும். சிலவற்றில் அனுதாப வேலைநிறுத்தமே, அதாவது பிறர் போராட்டத்தை ஆதரித்து வேலையை நிறுத்துவதே, கூடாது என்று இருக்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அடுத்தது, அவன் மறுக்கப்போவது எதை? தன் வழக்கமான விமானத்தை ஓட்டிக்கொண்டே, வேலைநிறுத்தக்காரர்களிடமிருந்து தள்ளிவிடப்பட்ட விமானத்தை மட்டும் தொடாமல் இருப்பது ஒன்று. மொத்தமாக வேலைக்கே போகாமல் இருப்பது வேறு. இரண்டாவதைத் தனி ஆளாக ஒருபோதும் முடிவு செய்யக் கூடாது. சங்கம் வாக்கெடுத்து, வழக்கறிஞரைக் கேட்டுச் செய்கிற காரியம் அது.

அப்புறம், உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ரெனோ ஏர் என்ற சிறிய நிறுவனத்தை வாங்கியதை அடுத்து, அந்த விமானிகளை எப்படிச் சேர்ப்பது என்ற தகராறில் 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் விமானிகள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. வேலைக்குத் திரும்பச் சொன்ன நீதிமன்ற உத்தரவை மதிக்கவில்லை என்று சங்கத்தின் மேல் சுமார் 4.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. மறுப்பதானால் பெயரைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும்.

இனி, "அவன் சண்டையே இல்லையே" என்கிறீர்கள். இங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். ஒரே முதலாளியிடம் இரண்டு நிறுவனம் இருந்தால், ஒன்றைக் காட்டி மற்றதன் சம்பளத்தைக் குறைப்பது மிகச் சுலபம். டெக்சாஸ் ஏர் என்ற குழுமத்தின் கீழ் கான்டினென்டல் நிறுவனமும், பின்னால் ஈஸ்டர்ன் நிறுவனமும் இருந்தன. தலைவர் ஃபிராங்க் லோரென்சோ. 1983 செப்டம்பரில் கான்டினென்டல் திவால் மனு போட்டது. பழைய ஒப்பந்தங்களை ஒதுக்கிவிட்டு, ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்கு ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். விமானிகள் அக்டோபரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆனால் நிறையப் பேர் மறியலைத் தாண்டி உள்ளே போனார்கள். இரண்டு வருடத்தில் போராட்டம் தோற்றது. சங்கம் அங்கே இல்லாமலே போனது.

1989 மார்ச் 4 அன்று ஈஸ்டர்னில் மெக்கானிக்குகள் வெளிநடப்புச் செய்தபோது, அந்த நிறுவனத்தின் விமானிகளும் பணிப்பெண்களும் அவர்களுடைய மறியலை மதித்து நின்றார்கள். சட்டையில் கிரீஸ் படிந்தவர்களின் சண்டைக்காக, தொப்பியில் தங்கச் சரிகை வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே நின்றார்கள். ஆனால் பக்கத்திலேயே கான்டினென்டல் பறந்துகொண்டிருந்தது. அங்கே நிற்கச் சொல்லச் சங்கம் இல்லை. ஈஸ்டர்ன் விமானிகள் நவம்பர் வரை தாங்கினார்கள். 1991 ஜனவரி 18 அன்று ஈஸ்டர்ன் மூடப்பட்டது. மறியலை மதித்ததால்தான் மூழ்கினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1983-லேயே கான்டினென்டலில் மறியல் உடைந்துவிட்டது. ஆறு வருடம் கழித்து ஈஸ்டர்னில் நின்றவர்களுக்குப் பக்கபலம் இல்லை.

இதற்கு நேர்மாறாக காம்ஏர். சின்சினாட்டி பக்கம் இருந்த அந்தச் சிறிய நிறுவனம் டெல்டா என்ற பெரிய விமான நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. 2001 மார்ச் 26 அன்று அதன் விமானிகள், சுமார் 1,350 பேர், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டெல்டா விமானிகளும் ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் என்ற அதே சங்கத்தில்தான் இருந்தார்கள், காம்ஏரின் வேலையைச் செய்ய மாட்டோம் என்றார்கள். காம்ஏர் விமானங்கள் தரையிலேயே நின்றன. 89 நாள் ஆயிற்று, ஆனால் முன்னைவிட நல்ல ஒப்பந்தத்தோடு திரும்பினார்கள்.

இன்னொன்று, உங்கள் மகன் புதியவன் என்பதால் சொல்கிறேன். 1985 மே மாதம் யுனைடெட் ஏர்லைன்ஸில் தொடங்கிய வேலைநிறுத்தம் 29 நாள் நடந்தது. புதிதாகச் சேருபவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்ற திட்டம்தான் காரணம். அப்போது சுமார் 570 பேர் பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தார்கள். தாண்டினால் உடனே வேலை. மிகச் சிலரைத் தவிர யாரும் தாண்டவில்லை. நிறுவனம் அவர்களைச் சேர்க்க மறுத்தது. வழக்கு நடந்து, பிறகுதான் இடம் கிடைத்தது. தாண்டாததற்கு விலை உண்டு, அதை உங்களிடம் நான் மறைக்க மாட்டேன். மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். அதற்கு நீங்கள் உதவ முடிந்தால், அதைவிடப் பெரிய ஆறுதல் அவனுக்கு இருக்காது.

கேள்வி: நினைத்த நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு விமானிகள் பயணிகளைத் தவிக்க விடுவது நியாயமா?

பதில்: அமெரிக்காவில் நினைத்த நேரத்தில் முடியாது. ரயில்வே தொழிலாளர் சட்டம் 1926-ல் வந்து, 1936-ல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டப்பட்டது. அதன்படி ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பழைய விதிகளே தொடரும். தேசிய சமரச வாரியம் பேச்சை நடத்தும், அதற்கு நாள் கணக்கு கிடையாது. இனிப் பேசிப் பயனில்லை என்று வாரியம் இரு தரப்பையும் விடுவித்த பிறகும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் ஜனாதிபதி தலையிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், சில நிமிடங்களிலேயே அன்றைய ஜனாதிபதி கிளின்டன் நிறுத்திவிட்டார். பயணிகளின் கஷ்டம் உண்மைதான். ஆனால் செய்தி வரும்போது, அந்த விமானிகள் பெரும்பாலும் வருடக்கணக்கில் பேசிக் களைத்திருப்பார்கள்.

கேள்வி: மறியலைத் தாண்டியவர்களைப் பிறகு மற்ற விமானிகள் மன்னிப்பார்களா?

பதில்: கருங்காலி என்ற பெயர் எங்கள் தொழிலில் சுலபமாகப் போகாது. பெயர்ப் பட்டியல்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். விமானி அறையில் ஜம்ப் சீட் என்று ஒரு கூடுதல் இருக்கை உண்டு. வீட்டுக்குத் திரும்பும் வேற்று நிறுவன விமானியும் கேப்டன் அனுமதித்தால் அதில் வரலாம். பட்டியலில் இருப்பவருக்குப் பல கேப்டன்கள் தர மாட்டார்கள்.

நான் கேப்டனான பிறகு, ஒரு மாலை நரைத்த தலை ஒன்று கதவருகே வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜம்ப் சீட் கேட்டது. அடையாள அட்டையைப் பார்த்ததும் என் துணை விமானி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயர் எனக்கும் தெரியும். "அப்போது வீட்டில் கைக்குழந்தை, வாடகை கட்ட முடியவில்லை" என்றார் அவர், நான் கேட்காமலே. எனக்கும் அந்த வயதில் கைக்குழந்தை இருந்தது. வெளியே நின்ற மற்றவர்களுக்கும் இருந்தது. "இந்த இருக்கையை உங்களுக்குத் தர முடியாது சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். நான் கேட் ஊழியரைக் கூப்பிட்டு, பயணிகள் பக்கம் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருபத்திரண்டாவது வரிசையில் ஒன்று காலியாக இருந்தது. அவரை அங்கே உட்காரவைக்கச் சொன்னேன்.