மருத்துவர் பதில்: இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன... இதயமா?

கேள்வி: எனக்கு 49 வயது. நான்கு மாதங்களாக வீட்டு கார் ஷெட்டில் வலை கட்டி, சிமென்ட் தரையில் மேட் போட்டு, தினமும் 150 பந்துகள் வரை கோல்ஃப் அடித்துப் பழகுகிறேன். வலதுகை ஆட்டக்காரன். பத்து வயது மகள் வலைக்குப் பின்னால் நின்று பந்துகளைப் பொறுக்கித் தருவாள். ஆறு வாரமாக இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருக்கிறது. மட்டையைப் பிடித்தால் அதிகமாகிறது. பிடியும் தளர்ந்துவிட்டது. இணையத்தில் தேடினால் இடது கை மரத்துப்போவது மாரடைப்பின் அறிகுறி என்கிறார்கள். என் அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தவர். அதனால் நானாகவே தினமும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன். வலது முழங்கையின் உட்புறம் வலிக்கிறது, அதற்கு டைக்ளோஃபெனாக். காலையில் இடுப்புப் பிடிப்பு, கட்டைவிரலில் சொடக்குச் சத்தம், டிரைவரால் (தூரமாக அடிக்கும் பெரிய தலை மட்டை) அடித்த பிறகு காதில் ரீங்காரம், உள்ளங்கையில் காய்ப்பு என்று வேறு தொல்லைகளும் உண்டு. இடது உள்ளங்கையின் அடிப்பக்கத்தை அழுத்தினால் கொஞ்சம் வலி, மட்டை உரசியதாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு இதய நோயா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: அந்த இரண்டு விரல்களுக்கும் உங்கள் இதயத்துக்கும் சம்பந்தமில்லை. இதய வலி இரண்டே இரண்டு விரல்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரம் அங்கேயே குடியிருந்து, மட்டையைப் பிடித்தால் மட்டும் அதிகமாகாது. படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தும். கைக்கோ தாடைக்கோ பரவும். வியர்க்கும், மூச்சு வாங்கும், குமட்டும். அப்படி ஏதாவது வந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்பா 51 வயதில் போனார், நீங்கள் 49இல் இருக்கிறீர்கள். தேடுபொறியில் நீங்கள் எந்த அறிகுறியைப் போட்டாலும் இந்தக் கணக்குதான் பதிலாக வந்திருக்கும். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. தகப்பனாருக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மைதான். அதற்குச் செய்ய வேண்டியது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்வது, புகை பிடித்தால் நிறுத்துவது. விரல் மரத்துப்போகாமல் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் செய்திருப்பது வேறு. இதயத்துக்குப் பயந்து ஆஸ்பிரின், முழங்கைக்கு டைக்ளோஃபெனாக். இரண்டையும் சேர்த்துத் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிய நல்ல வழி. அதுகூடப் போகட்டும். டைக்ளோஃபெனாக் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டக்கூடிய மருந்து. இதய நோய் உள்ளவர்களுக்கு அதை எழுத வேண்டாம் என்றே எங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இதயத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர் கையில் எடுத்த மாத்திரையைப் பாருங்கள்! இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். (மாரடைப்போ பக்கவாதமோ வந்து, மருத்துவர் ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்து சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இது இவருக்கு மட்டும் சொன்னது.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த உள்ளங்கை வலிதான்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. சுண்டுவிரல் பக்கம் இருக்கும் ஒன்றுக்கு ஹேமேட் என்று பெயர். லத்தீனில் கொக்கி உள்ளது என்று அர்த்தம். பெயருக்கேற்ப அதிலிருந்து ஒரு எலும்புக் கொக்கி உள்ளங்கைப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொக்கியின் ஒரு பக்கத்தை ஒட்டி அல்நார் நரம்பு ஓடுகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். இன்னொரு பக்கத்தில், சுண்டுவிரலை மடக்கும் தசைநாண் கொக்கியின் மேலேயே உராய்ந்தபடி போய்வருகிறது. வலதுகை ஆட்டக்காரர் கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும்போது, பிடியின் நுனிக்கட்டை வந்து உட்காருவது இடது உள்ளங்கையில் சரியாக இந்தக் கொக்கிக்கு மேலே.

இப்போது மேட்டைப் பாருங்கள். புல்தரையில் பந்துக்குப் பின்னால் தரையைத் தட்டிவிட்டால் மட்டை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். பந்து கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும். தப்பாக அடித்தோம் என்று ஊருக்கே தெரியும். அதிர்ச்சியில் பெரும்பங்கை மண் வாங்கிக்கொள்ளும். சிமென்ட் மேல் போட்ட மெல்லிய மேட்டில் மண்ணும் இல்லை, பெயர்வதும் இல்லை. மட்டை தரையில் மோதி, வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தையும் அடித்துவிடும். முன்னால் வலை இருப்பதால் பந்து எவ்வளவு தூரம் போயிருக்கும் என்றும் தெரியாது. எல்லா அடியும் நல்ல அடியாகவே தோன்றும். அந்தத் தப்படிகளின் கணக்கு முழுவதும் மட்டையின் நுனி வழியாக உங்கள் கொக்கிக்குப் போய்ச் சேருகிறது. நாளைக்கு 150 பந்து, நான்கு மாதம். ஒரே அடியிலும் அந்தக் கொக்கி உடையலாம், சிறுகச் சிறுக விரிசல் விட்டும் உடையலாம். கோல்ஃப், பேஸ்பால், டென்னிஸ் ஆடுபவர்களிடம் நாங்கள் தேடும் முறிவு இது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற பதிலை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எடுக்கும் வழக்கமான மணிக்கட்டு எக்ஸ்ரேயில், மற்ற எலும்புகளின் நிழல் இந்தக் கொக்கியை மறைத்துவிடும். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். டென்னிஸ் ஆடுகிற ஒருவர் இதே வலியோடு வந்தார். படம் சுத்தமாக இருந்தது. சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து வந்து கையை நீட்டினார். காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது சுண்டுவிரல் மடங்கவில்லை என்றார். உடைந்த கொக்கியின் சொரசொரப்பான விளிம்பில் உரசி உரசி, கயிறு அறுவது போல அந்தத் தசைநாண் அறுந்திருந்தது. கொக்கியை மட்டும் எடுத்திருந்தால் சின்ன அறுவை சிகிச்சையோடு போயிருக்கும். அவருக்கு வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து, மட்டை பிடிக்கிறவர் யார் வந்து உள்ளங்கை வலி என்றாலும் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் அழுத்திப் பார்க்கிறேன்.

நீங்களும் அழுத்திப் பாருங்கள். உள்ளங்கையும் மணிக்கட்டும் சேரும் ரேகையில், சுண்டுவிரல் பக்கம் பட்டாணி அளவு எலும்பு ஒன்று புடைத்திருக்கும். அங்கிருந்து ஆள்காட்டி விரலின் அடியை நோக்கி ஒரு கட்டைவிரல் அகலம் நகர்ந்து ஆழமாக அழுத்துங்கள். அந்த இடம் எல்லோருக்குமே லேசாக வலிக்கும், ஆகவே வலது கையிலும் அதே இடத்தை அழுத்தி ஒப்பிடுங்கள். இடது கையில் மட்டும் சுள்ளென்று வலித்தால் என் சந்தேகம் பலப்படுகிறது. பிறகு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து, கடைசி இரண்டு விரல்களையும் மடக்கிக்கொண்டு, வீட்டில் ஒருவரை அவற்றை மெதுவாக இழுத்து நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கைக்குள் வலி வந்தால் அதுவும் ஒரு சாட்சி. காய்ப்பு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். இதே இடத்தில் இருந்தால் மட்டையின் நுனி எங்கே குத்துகிறது என்பதைக் கையே எழுதிக் காட்டுகிறது.

இன்னொன்று. மரத்துப்போவது விரல்களிலும் உள்ளங்கையிலும் மட்டுமா, புறங்கையில் சுண்டுவிரல் பக்கமும் உண்டா? புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. புறங்கை நன்றாக இருந்தால் நரம்பு நசுங்குவது மணிக்கட்டில்தான். புறங்கையும் மரத்திருந்தால் முழங்கையையோ கழுத்தையோ பார்க்க வேண்டும். சோதிக்கும் மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

எந்த மருத்துவர்? எலும்பு மருத்துவர். கை அறுவை சிகிச்சை நிபுணர் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த வாரமே போங்கள். "மணிக்கட்டு வலி" என்று மொட்டையாகச் சொன்னால் பழைய எக்ஸ்ரேயையே திருப்பித் தருவார்கள். சிமென்ட் மேல் மேட் போட்டு கோல்ஃப் அடிக்கிறேன், இந்த இடத்தில் வலி, இந்த இரண்டு விரல் மரத்துப்போகிறது, ஹேமேட் கொக்கி உடைந்திருக்குமா என்று நேராகக் கேளுங்கள். கையைப் பின்னால் வளைத்து வைத்து எடுக்கும் கார்ப்பல் டனல் கோண எக்ஸ்ரேயில் தெரியலாம். சி.டி. ஸ்கேனில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும்.

உடைந்து சில நாட்களே ஆகியிருந்தால் ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டுப் பார்ப்போம். கொக்கிக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அப்போதும் ஒட்டாமல் போவதுண்டு. ஆறு வாரமாக உடைந்தபடியே அடித்துக்கொண்டிருந்தால், கொக்கித் துண்டை எடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் முடிவாக இருக்கும். பயப்படாதீர்கள், அந்தத் துண்டு இல்லாமலே பிடி திரும்பிவிடும். பெரும்பாலானவர்கள் ஓரிரு மாதங்களில் மட்டையைத் தொடுகிறார்கள். உடையாமல் நரம்பு மட்டும் நசுங்கியிருந்தால் ஓய்விலேயே சரியாகிவிடலாம். நடுவில் என்றைக்காவது சுண்டுவிரல் நுனி மடங்க மறுத்தால் மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

மற்றவை. வலது முழங்கை உட்புற வலி, கோல்ஃபின் பெயரையே வாங்கிக்கொண்ட தசைநாண் தேய்வு (கோல்ஃபர்ஸ் எல்போ). அடிப்பதைக் குறைத்து, முன்கைக்கு மெதுவான பளுப் பயிற்சி கொடுத்தால் மாதக்கணக்கில் அடங்கும். ஸ்டீராய்டு ஊசி கேட்டு வாங்காதீர்கள், சில வாரம் சுகமாக இருந்துவிட்டுத் திரும்பி வரும். இடுப்புப் பிடிப்பு, நாளெல்லாம் நாற்காலியில் இருந்துவிட்டு எழுந்த கையோடு முறுக்கி அடித்தால் வரத்தான் செய்யும். கால் மரத்துப்போகாத வரை கவலையில்லை. வலியில்லாத சொடக்குக்கு வைத்தியமே கிடையாது.

காது ரீங்காரத்தை மட்டும் சிரித்துத் தள்ள மாட்டேன். மெல்லிய முகப்புள்ள டைட்டானியம் டிரைவரின் சத்தத்தால் ஒருவருக்குக் காது கேட்பது குறைந்ததாக 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. அவர் ஆடியது திறந்த மைதானத்தில். நீங்கள் அடிப்பது மூன்று பக்கம் சுவருள்ள ஷெட்டில். காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். ரீங்காரம் நிற்காவிட்டால் காது மருத்துவரிடம் ஒரு கேட்புச் சோதனை.

அப்புறம் மகள். வலைக்குப் பின்னால் அவள் நிற்கவே கூடாது, பக்கத்திலும் கூடாது. பந்து பட்டதும் வலை பின்பக்கம் எவ்வளவு உப்புகிறது என்று ஒருநாள் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒரு கண்ணி நைந்திருந்தால் பந்து நேராக வெளியே வரும், வலைச் சட்டத்தில் பட்டால் உங்கள் மேலேயே திரும்பும். கோல்ஃப் பந்தின் குறுக்களவு விதிப்படி குறைந்தது 42.67 மில்லிமீட்டர், ஏறக்குறைய கண்குழியின் வாய் அளவு. கிரிக்கெட் பந்து பெரியது, புருவ எலும்பும் கன்ன எலும்பும் அதை ஓரளவு தடுத்துவிடும். கோல்ஃப் பந்து நேராகக் கண்ணிலேயே மோதும். அப்படிப் பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். அடித்து முடித்து, மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நீங்களே பொறுக்குங்கள். இடுப்புக்கும் நல்லது.

கை சரியான பிறகு அதே மேட்டுக்குத் திரும்பப் போகாதீர்கள். தடித்த, அடியில் நன்றாக அமுங்கும் நுரை வைத்த மேட் வேண்டும். பந்தை டீ எனும் சின்ன முளையில் உயர்த்தி வைத்து அடித்தால் தரையில் மோதுவது குறையும். மட்டையை நுனியில் பிடிக்காமல், நுனிக்கட்டை கையைத் தாண்டி வெளியே தெரியும்படி சற்றுக் கீழே பிடியுங்கள். 150 பந்துகளை மறந்துவிடுங்கள், 40 போதும், நடுவில் நாள் விட்டு அடியுங்கள்.

அதுவரை புட்டிங் (பந்தைக் குழிக்குள் மெதுவாகத் தட்டிவிடுவது) மட்டும் பழகலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வேண்டாம். அதற்கான புட்டர் மட்டையின் நுனியும் அதே உள்ளங்கையில்தான் உட்காரும். சி.டி. முடிவு வரட்டும்.