சென்னையிலிருந்து பெரியவர்கள், குழந்தைகளோடு அந்தமான் போகிறோம். பாதுகாப்பாக இருக்க எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, முகவரிடம் முன்பணம் கட்டிவிட்டுப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் அப்படித்தான் போனோம். அங்கே ஏதாவது ஒரு படகுத்துறையில் "நாங்கள் ஏறவில்லை" என்று சொல்ல வேண்டி வரலாம். அதைச் சொல்லப்போவது யார் என்று கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) நார்த் பே என்ற கடற்கரைக்குப் போவதற்கு எங்களை ஒரு படகில் ஏறச் சொன்னார்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்த படகு அது. பின்னால் இன்னொரு குழுவையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கொடுத்த லைஃப் ஜாக்கெட்டுகளில் பாதிக்குக் கொக்கி இல்லை, கயிறு போட்டு முடிச்சிட்டிருந்தார்கள். என் நாத்தனார் மகனுக்கு அப்போது ஏழு வயது. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டை மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும் அவன் காதுவரை ஏறி வந்தது. தண்ணீரில் விழுந்தாலும் இதுதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போய்விடும்.

ஏற மாட்டோம் என்றேன். நாத்தனாரின் கணவர், "ஏம்மா, இத்தனை பேர் போகிறார்களே, அவர்களுக்கெல்லாம் உயிர் இல்லையா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணா, சின்ன ஜாக்கெட் வரட்டும், இல்லையென்றால் அடுத்த படகில் போகலாம்" என்று மட்டும் சொன்னேன். வெயிலில் வெகுநேரம் காத்திருந்தோம். அடுத்து வந்த படகில் குழந்தைகளுக்கான அளவு இருந்தது. அந்தப் படகுக்காரர் ஒவ்வொரு பிள்ளையின் கொக்கியையும் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தைக் கிளப்பினார். ஆகவே படகுக்காரர்கள் எல்லோரையும் நான் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த மனிதரின் மீது இன்றும் எனக்கு மரியாதை உண்டு.

இன்றுவரை கல்யாண வீடுகளில் என்னைத் "துறையில் நின்று சண்டை போட்டவள்" என்கிறார்கள். சொல்லட்டும். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபது பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு அது. நம் பக்கத்து ஊரில் இத்தனை வீடுகளில் இழவு விழுந்தும், அங்கே போகும் நம்மவர்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அடுத்தது குளிப்பது. மெரினாவைப் பார்த்து வளர்ந்த நாம் பெரிய அலைக்குப் பயப்படுவோம், அலை இல்லாத இடத்தை நம்பி இறங்குவோம். ஆபத்து பல நேரங்களில் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இருபுறமும் அலை உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால், கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது என்று பொருள். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், கைகால் ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையைவிட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீந்தத் தெரியாதவர்கள் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளை மண்டபத்தின் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம். 1930இல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிய கார்ல் ஷ்மிட்டின் நினைவிடம் அது. அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும், இந்தக் கடலோர நகரத்தில் நீந்தத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்? என் மகளை நீச்சலில் சேர்க்கப் போனபோது, எங்கள் பகுதிக் குளத்தில் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது பள்ளி நடக்கும் நேரம். கேட்டதற்கு, "பெண்கள் யாரும் வருவதில்லை மேடம்" என்றார்கள். எப்படி வருவார்கள்? 2015 வெள்ளத்தில் தெருவில் படகு ஓடியதைப் பார்த்த பிறகும் நீச்சல் நமக்குப் பொழுதுபோக்காகத்தான் தெரிகிறது. கேட்ட கேள்வியை விட்டு எங்கோ போகிறாள் என்று சிலருக்குத் தோன்றலாம். கடலுக்குள் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர் கேட்ட கேள்வி இது, அதனால் சொல்கிறேன்.

முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம். 2010இல் ஹாவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) கடலில் இருந்த ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றிருக்கிறது. அலையாத்திக் காடும் ஓடையும் கடலோடு சேரும் இடங்களில் இன்னும் கவனம் தேவை. நிற்க முடியாத அளவுக்கு நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். 2004 சுனாமியைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும், சென்னைக் கணக்கில் ஆறரை வரை கடற்கரையில் இருக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554, எல்லோர் கைபேசியிலும் பதிந்துவையுங்கள்.

பெரியவர்களின் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். சிறு தீவுகளில் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் போர்ட் பிளேருக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதற்குக் கடலைக் கடக்க வேண்டும்.

உங்கள் பயணத் திட்டத்தில் கடைசி நாள் காலை ஸ்கூபா (காற்றுக் குடுவையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது), மாலை விமானம் என்று இருக்கிறதா பாருங்கள். ஆழத்தில் மூச்சுவிட்டபோது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், உடனே விமானம் ஏறினால் அது இரத்தத்தில் குமிழியாகிவிடலாம். பதினெட்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள். அப்படி இல்லையென்றால் முகவரை அழைத்து ஸ்கூபாவை முந்தைய நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள்.