போர்க்களத்தைப் பாதுகாத்து வைப்பது போரைப் புகழ்வது ஆகாதா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த இடங்களை அரசே பராமரித்து வீரர்களை நினைவுகூர்கிறதே, அது போரைக் கொண்டாடுவது ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் போரின் ஆன்டீட்டம் களத்தை நடந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆகாது. அங்கே போய்விட்டு வருகிற யாருக்கும் போர்மேல் ஆசை வராது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஷார்ப்ஸ்பர்க் என்கிற சின்ன ஊரை ஒட்டிய விவசாய நிலம் அது. 1862 செப்டம்பர் 17 அன்று, அந்த ஒரே நாளில், செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு ரத்தம் சிந்திய ஒற்றை நாள் வேறு கிடையாது. இதைப் படித்தால் வெறும் எண்தான். அங்குள்ள பள்ளப் பாதையில் இறங்கி நின்று பாருங்கள்.

வண்டிகள் போய்ப் போய்த் தேய்ந்து தாழ்ந்துபோன மண் தடம் அது. நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படையினர் அதையே பதுங்குகுழியாக வைத்துக்கொண்டார்கள். எதிரே ஒரு மேடு. அதன் உச்சிக்கு வரும்வரை, அமெரிக்க அரசின் பக்கம் நின்ற வடக்குப் படையினரை அவர்களால் சரியாகப் பார்க்க முடியாது. உச்சியில் தலை தெரிந்ததும் மிக அருகிலிருந்து சுட்டார்கள். கடைசியில் வடக்குப் படை பாதையின் நீளவாக்கில் சுட வாகான இடத்தைப் பிடித்தது. அதுவரை காப்பாற்றிய பள்ளமே உள்ளே இருந்தவர்களுக்குப் பொறியாகிவிட்டது. சுமார் மூன்று மணி நேரத்தில் இரு தரப்பிலும் 5,500 பேர் வரை செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். எந்த வரைபடத்தையும்விட அந்த மேடும் பள்ளமும் இதை நன்றாகப் புரியவைக்கின்றன. அங்கே வீடுகளைக் கட்டியிருந்தால் இது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

களத்தில் நினைவுச் சின்னங்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவை வடக்குப் படைப்பிரிவுகளுடையவை. ஜெனரல்கள் விழுந்த ஆறு இடங்களில் பீரங்கிக் குழாயைத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள். அங்குள்ள தேசியக் கல்லறையில் 4,776 வடக்கு வீரர்கள். அவர்களில் 1,836 பேருக்குப் பெயரே தெரியாது. தெற்கு வீரர்களை அங்கே புதைக்க அனுமதிக்கவில்லை, அவர்கள் வேறு ஊர்களில் கிடக்கிறார்கள்.

இதனாலேயே டிசம்பரில் நடக்கும் விளக்கேற்றல் எனக்கு மிகவும் பிடிக்கும். 1988 முதல் நடத்துகிறார்கள். தன்னார்வலர்கள் மணல் போட்ட காகிதப் பைகளுக்குள் மெழுகுவர்த்தி வைத்துக் களமெங்கும் 23,000 விளக்கு ஏற்றுகிறார்கள். வடக்கோ தெற்கோ, ஆளுக்கு ஒன்று.

அப்படியென்றால் இரு தரப்பு நியாயமும் ஒன்றா? இல்லவே இல்லை. தெற்கு, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன பக்கம். ஆன்டீட்டம் முடிந்து ஐந்தே நாளில், செப்டம்பர் 22 அன்று, அதிபர் லிங்கன் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார். அதைச் சொல்லாமல் வீரத்தை மட்டும் பேசுகிற எந்த நினைவுகூரலையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் சோளக்கொல்லையில் விழுந்த ஒரு பையனுக்காக விளக்கு ஏற்றுவதும் அவனை அனுப்பியவர்களின் நோக்கத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதும் வேறு வேறு.

வாய்ப்புக் கிடைத்தால் செப்டம்பரில், போர் நடந்த தேதியை ஒட்டிப் போங்கள். பூங்கா ரேஞ்சர்கள் கூட்டிப்போகும் நடையில் சேர்ந்துகொள்ளலாம். விளக்கேற்றலைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் முதல் சனிக்கிழமை. காரில் இருந்தபடியேதான் பார்க்க முடியும், வரிசை ரொம்ப நீளம், சீக்கிரமே போய்விடுங்கள்.