‘போர்டு போச்சாம்!’

கே: மிக்ஸியில் மோட்டார் சத்தம் கேட்கிறது, ஜாரில் பிளேடு மட்டும் சுற்றவில்லை. புதிது வாங்கிவிடலாமா? – செல்லூர் வாசகி

ப: மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர் தேய்ந்திருக்கும். இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. மாற்றிவிட்டுச் சட்னி அரையுங்கள்.

கே: டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை. வாங்கி ஐந்து வருஷம். மெக்கானிக் ‘பேனல் போச்சு, புதுசு வாங்கிருங்க’ என்கிறார். – திருமங்கலம் வாசகர்

ப: கழற்றிப் பார்த்தாரா, வாசலில் நின்றே சொன்னாரா? இன்று ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல், அதாவது படம் காட்டும் திரை, பிழைத்தது. பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்இடி பட்டையோ, அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியோதான் போயிருக்கிறது. அந்தச் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பேனலே உடைந்திருந்தால் மட்டும் ரிப்பேரை மறந்துவிடுங்கள்.

‘பேனல் போச்சு’, ‘போர்டு போச்சு’ என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழில் தெரிந்தவர் மீட்டரை வைத்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள், உங்களுடையது. நான் ஏமாந்த கதையும் உண்டு. ‘போர்டு போன’ டிவியை ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அதே கடையில் அது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் என் மகன் ஒட்டிய மீன் ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை.

கே: போனில் தேடி எடுத்த ‘கம்பெனி சர்வீஸ்’ நம்பருக்குப் பேசினேன். வந்தவர் ஃபிரிட்ஜில் கேஸ் ஏற்றி 3,500 ரூபாய் வாங்கினார். பதினைந்து நாளில் பழையபடி. பில் தரவில்லை, போனும் எடுப்பதில்லை. – உசிலம்பட்டி, ஓய்வுபெற்றவர்

ப: வெட்கப்படாதீர்கள் ஐயா, ஏமாற்றியவன்தான் படவேண்டும். கேஸ் தானாகத் தீராது. குழாயில் ஓட்டை இருந்தால்தான் போகும். ஓட்டையை அடைக்காமல் ஏற்றியிருக்கிறான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள். ஆளின் முகவரி கிடைத்தால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருஷம் அவகாசம் உண்டு; இந்தத் தொகைக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. இனிமேல் வாரண்டி அட்டையில் அச்சடித்த நம்பருக்கு மட்டும் பேசுங்கள்.

கே: பில் வேண்டாம் என்றால் விலை குறைத்தார்கள், செல்போன் வாங்கினேன். ஆறே மாதத்தில் பேட்டரி உப்பி மூடியைத் தூக்குகிறது. ஆனாலும் ஓடுகிறது. வாரண்டி கேட்கலாமா? – கே.கே.நகர் வாசகர்

ப: எதைக் காட்டிக் கேட்பீர்கள்? அது கிடக்கட்டும், முதலில் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். ‘ஆனாலும் ஓடுகிறதாம்’!

கே: பதினைந்து வருஷத்து சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. தூக்கிப் போடவா? – மேலூர் வாசகி

ப: கண்டென்சர் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் எடைக்குப் போடுங்கள். உள்ளே செம்புக் கம்பி இருந்தால் இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.