தர்ப்பூசணிப் பிஞ்சு ஏன் வெம்புகிறது?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியில் தை கடைசியில் தர்ப்பூசணி விதை ஊன்றினேன். 6 குழி. கொடி நன்றாகப் படர்ந்து நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. கடையில் கொடுத்த பூச்சிமருந்தை வாரம் இரண்டு தடவை காலையில் அடிக்கிறேன். யூரியாவும் வைத்தேன். இன்னும் என்ன உரம் வைக்கலாம் தம்பி?

பதில்: ஆச்சி, முதலில் யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் கொடிதான் ஓடும், காய் பிடிக்காது. காலையில் மருந்தடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் பிஞ்சுகள் வெம்புவதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தர்ப்பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண். வெறும் காம்பில் நின்றால் ஆண். நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது அந்தக் குட்டிக் காயைத்தான். மகரந்தம் சேராவிட்டால் அது காயாகாது, மஞ்சளாகி விழுந்துவிடும். பெண் பூ திறந்திருப்பது ஒரே ஒரு நாள்தான், அதுவும் காலையில்தான் மகரந்தம் நன்றாகப் பிடிக்கும். சரியாக அந்த நேரத்தில் மருந்து வாடை அடித்தால் தேனீ எப்படி வரும்?

தேனீ திரும்பி வரும்வரை அதன் வேலையை நீங்கள் பாருங்கள். காலை 6 மணிக்கு மேல் 9 மணிக்குள், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூள் விரலில் ஒட்டும். அதைப் பெண் பூவின் நடுவே உள்ள மூன்று மடல் மேடு முழுக்க மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாக வளரும். ஒரு பெண் பூவுக்கு 2 ஆண் பூ வைத்துக்கொண்டால் நல்லது. கொடிக்கு 2 அல்லது 3 காய் பிடித்ததும் போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும்.

கடைக்காரர் எத்ரல் தெளிக்கச் சொன்னால் வேண்டாம். அது பெண் பூவைக் கூட்டத்தான். விதைத்த 15-ஆம் நாளில் தொடங்கி, 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி வீதம், வாரத்துக்கு ஒருமுறையாக 4 தடவை தெளிக்க வேண்டும். உங்கள் கொடிக்கு அந்த வயது தாண்டிவிட்டது.

விழுந்த பிஞ்சில் ஊசி குத்தியது போல் புள்ளி இருந்தால் அது பழ ஈ. பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள், குப்பையில் போடாதீர்கள். மாமரத்துக்கு மாட்டுகிற மெத்தில் யூஜினால் பொறி இந்த ஈயை இழுக்காது. இதற்கு கியூலூர் பொறி வேண்டும், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். காயின் பூ முனை கறுத்திருந்தால் தண்ணீரும் சுண்ணாம்புச் சத்தும்தான் சிக்கல். நம் செம்பாறை மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றாமல், நாள் தவறாமல் அளவாக ஊற்றுங்கள். வேரைச் சுற்றி வைக்கோல் போடுங்கள். கந்தகத் தூள், தாமிரத் தூள் இரண்டும் வேண்டாம், பூசணிக் குடும்பத்துக்கு ஒத்துக்கொள்ளாது, இலை கருகும்.

காய் தேங்காய் அளவானதும் மயில் வரும். பழைய பனையோலைக் கொட்டானைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் கொட்டானுக்கா பஞ்சம்! அடியில் ஓட்டுத்துண்டு ஒன்று வைத்தால் காய் மண்ணில் பட்டு அழுகாது.

அடுத்த தைக்கு ஒன்றரை அடி அகல ஆழத்தில் குழி எடுத்து, சரளையை வெளியே தள்ளிவிட்டு, கண்மாய் வண்டலும் மக்கிய தொழுவுரமும் நிரப்பி ஒரு வாரம் ஆறவிட்டு ஊன்றுங்கள்.

இப்போதைக்கு, தடவிய பூவின் காம்பில் ஒரு நூல் கட்டித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ரகத்துக்கு ஏற்ப 30 முதல் 45 நாளில் பழுக்கும். காய்க்காம்பு கிளம்பும் கணுவில் இருக்கும் சுருள் கம்பி காய்ந்து, தரையில் பட்ட அடிப்பக்கம் வெண்மை மாறி மஞ்சளானால், தட்டிப் பார்த்து, 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் அறுக்கலாம்.