வழக்கு எண் கையில் இருக்கா? தீர்ப்பை இலவசமாகப் பார்ப்பது பற்றிய கேள்வி பதில்

கோர்ட் தீர்ப்பையும் சட்டத்தையும் காசு கொடுக்காமல் இணையத்தில் பார்ப்பது பற்றி வடசென்னைப் பகுதியில் இருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை: சார், எங்க வீட்டு கேஸ் சிட்டி சிவில் கோர்ட்ல முடிஞ்சிடுச்சுனு சொல்றாங்க. ஓ.எஸ். நம்பர் (சிவில் வழக்கு எண்) மட்டும் இருக்கு. போன்ல தேடினா ‘ரெக்கார்டு நாட் ஃபவுண்ட்’னு வருது. கேஸே இல்லையா?

பதில்: பதறாதீர்கள், பெரும்பாலும் கோர்ட் வளாகத்தை மாற்றித் தேர்ந்தெடுத்ததுதான் காரணம். இ-கோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ ‘கேஸ் ஸ்டேட்டஸ்’, தமிழ்நாடு, சென்னை, பிறகு கோர்ட் வளாகம் என்று போக வேண்டும். பாரிமுனையில் ஹைகோர்ட் மதிலுக்குள்ளேயே சிட்டி சிவில் கோர்ட்டும் ஸ்மால் காசஸ் கோர்ட்டும் குடும்ப நீதிமன்றமும் இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். தளத்தில் அவை தனித்தனி. ஹைகோர்ட்டுக்கோ பக்கமே வேறு. வாகன விபத்து நஷ்ட ஈட்டு வழக்கான எம்.சி.ஓ.பி.யை ஸ்மால் காசஸ் கோர்ட்டில் தேடுங்கள்.

அடுத்தது ஆண்டு. ஓ.எஸ். 245/2017 என்றால், தீர்ப்பு 2024-ல் வந்திருந்தாலும் 2017 என்றுதான் போட வேண்டும். வழக்கு நடுவில் வேறு கோர்ட்டுக்கு மாறியிருந்தால் புது எண் விழுந்திருக்கும். பழைய எண்ணில் தேடினால் ‘மாற்றப்பட்டது’ என்பதோடு நின்றுவிடும்.

இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம் என்றால் வக்கீலிடம் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 16 இலக்கம். முதல் நான்கு எழுத்தும் அடுத்த இரண்டு எண்ணும் மாநிலம், மாவட்டம், கோர்ட்டைக் குறிக்கும். பிறகு ஆறு இலக்க வரிசை எண். கடைசி நான்கு ஆண்டு. நடுவில் இருக்கும் ஆறு இலக்கத்தை ஓ.எஸ். எண் என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். இரண்டும் வேறு. சி.என்.ஆர். போட்டால் கோர்ட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. பக்கத்தின் கீழே ‘ஃபைனல் ஆர்டர்ஸ்’ இருக்கும். அங்கே பி.டி.எஃப். ஏற்றப்படாமல் இருந்தால், வழக்கு வரலாற்றில் கடைசித் தேதியை அழுத்துங்கள். அன்று கோர்ட்டில் நடந்தது ஓரிரு வரியில் இருக்கும்.

காசிமேடு: அப்பா பேர் மட்டும்தான் தெரியும். நம்பர் எதுவும் இல்லை.

பதில்: ‘பார்ட்டி நேம்’ தேடலில் குறைந்தது மூன்று எழுத்தும் ஆண்டும் வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதுதான் தலைவலி. தனலட்சுமியை ஒருவர் ‘டி’யில் தொடங்குவார், இன்னொருவர் ‘டி, எச்’ சேர்த்து எழுதுவார். அதனால் முழுப் பெயரை அடிக்காமல், எப்படி எழுதினாலும் மாறாத நாலைந்து எழுத்தோடு நிறுத்துங்கள். இனிஷியலைப் போடவே வேண்டாம். ‘பெண்டிங்’ (நிலுவை), ‘டிஸ்போஸ்டு’ (முடிந்தது) இரண்டிலும் பாருங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ஒவ்வொரு ஆண்டாக மாற்றிப் போடுவதுதான் வழி. பொறுமை வேண்டும், ஆனால் கிடைக்கும்.

புதுவண்ணாரப்பேட்டை: டவுன்லோடு பண்ண தீர்ப்பை பிரிண்ட் எடுத்து அப்பீல் போடலாமா அண்ணா?

பதில்: படிக்க, வக்கீலிடம் காட்ட, அப்பீல் போடலாமா என்று முடிவெடுக்க அது போதும். கோர்ட்டில் சாட்சியமாகவோ அப்பீலுடனோ கொடுக்கச் சான்றிட்ட நகல் வேண்டும். சர்டிஃபைடு காப்பி என்று சொல்வோமே, அதுதான். இப்போது பாரதிய சாக்ஷிய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 75-வது பிரிவு அதற்கு. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு சொன்ன உடனே ஒரு நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

நாள் கணக்கில் கவனம் வேண்டும். சிவில் டிகிரி (தீர்ப்பாணை) மீது ஹைகோர்ட்டுக்கு அப்பீல் என்றால் 90 நாள், கீழ் நிலையில் உள்ள வேறு கோர்ட்டுக்கு என்றால் 30 நாள். நகல் பெற எடுத்த காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவு கழித்துக் கொடுக்கும். ஆனால் நீங்கள் மனு போட்ட பிறகு ஆன காலத்தை மட்டும்தான். தீர்ப்பு வந்து 25 நாள் சும்மா இருந்துவிட்டு 26-ம் நாள் நகல் மனு போட்டால், அந்த 25 நாள் போனது போனதுதான்.

சான்றிட்ட நகலைத் திருப்பிப் பாருங்கள். மனு போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி, வழங்கிய தேதி என்று வரிசையாக ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். முத்திரைத்தாள் கேட்டு நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் மனு தள்ளுபடியாகிவிடும், தாமதமாகக் கட்டினால் அந்த நாட்கள் கழிக்கப்படாமல் உங்கள் கணக்கில் சேரும். தீர்ப்பு இணையத்தில் வரட்டும் என்று காத்திருக்காமல், தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள்.

வியாசர்பாடி: ஆர்.டி.ஐ.ல தீர்ப்பு நகல் கேட்கலாமா?

பதில்: கோர்ட் விதிப்படியே நகல் பெற வழி இருக்கும்போது ஆர்.டி.ஐ. வழியாகக் கேட்க முடியாது என்று குஜராத் ஹைகோர்ட் தொடர்பான வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் சம்பந்தப்படாதவர் என்றால் காரணம் சொல்லி நகல் மனு போடுங்கள்.

திருவொற்றியூர்: தீர்ப்பு தமிழ்லதான் இருக்கு. ஆனா அதிலிருந்து காப்பி பண்ணா வெறும் ஆங்கில எழுத்தா, புள்ளியா வருது.

பதில்: கீழ்க் கோர்ட்டுகளில் தமிழில் தீர்ப்பு எழுதலாம், ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ல் செய்த திருத்தம் அதற்கு வழி செய்தது. யூனிகோடில் தட்டச்சு செய்யாமல் பழைய எழுத்துருவில் செய்திருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள். எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றில் போட்டு எந்த எழுத்துரு என்று பொருத்திப் பாருங்கள். ஸ்கேன் செய்த படம் என்றால், படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓ.சி.ஆர். மென்பொருளை ஓட்ட வேண்டும். ஓட்டியபின் சர்வே எண், பரப்பளவு, தேதி மூன்றையும் மூலத்தோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஓ.சி.ஆர். 3-ஐ 8 ஆக்கிவிட்டால் வேறு மனையின் எண்ணாகிவிடும். இப்படி இருக்கும் தீர்ப்புகளைச் சொல் போட்டுத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பது எனக்குப் பெரிய மனக்குறை. மக்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் எழுதியது மக்கள் கண்ணில் படாமலே போகிறது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் ஒரு பகுதி தமிழாக்கமாக அதன் தளத்தில் கிடைக்கிறது. புரிந்துகொள்ள அதைப் படியுங்கள். அதிகாரபூர்வமானது ஆங்கில மூலம்தான்.

எண்ணூர்: 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவு கேஸ்ல பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவைத் தேடுறோம். எங்க ஊர்க்காரங்க பேர் போட்டா வரல.

பதில்: தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்த வழக்கு அது. மனுதாரர் இடத்தில் ஆள் பெயருக்குப் பதில் ‘டிரிபியூனல் ஆன் இட்ஸ் ஓன் மோஷன்’ என்று இருக்கும். தீர்ப்பாயத்தின் தளத்தில் தென் மண்டல அமர்வு, ‘ஒரிஜினல் அப்ளிகேஷன்’, 2023 என்று தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். ஒவ்வொரு விசாரணைத் தேதிக்கும் தனி உத்தரவு இருக்கும். இறுதியானதை மட்டும் எடுக்காதீர்கள். எந்தத் துறை எதை எப்போது செய்ய வேண்டும் என்பது இடைக்கால உத்தரவுகளிலும் இருக்கும்.

பெரம்பூர்: நாங்க நாலு பேர் சேர்ந்து வாசகசாலையில தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழ்ல போடலாம்னு இருக்கோம். காப்பிரைட் பிரச்சினை வருமா?

பதில்: நல்ல வேலை, தாராளமாகச் செய்யுங்கள். கோர்ட் தடை விதித்திராத தீர்ப்பை யாரும் வெளியிடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. தனியார் சட்ட இதழ்கள் சேர்த்த தலைக்குறிப்பை (தீர்ப்பின் தலையில் அவர்கள் எழுதும் சுருக்கம்) எடுத்துப் போடக் கூடாது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைப் போட்டது. மூலத்தைக் கோர்ட் தளத்தில் இருந்தே எடுங்கள். உச்ச நீதிமன்றத்துக்கு இ-எஸ்.சி.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்புத் தளம் இருக்கிறது, 2023 ஜனவரியில் இலவசமாகத் திறந்தார்கள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், போக்சோ வழக்கில் வரும் குழந்தை, சட்டத்தோடு முரண்பட்ட சிறார் ஆகியோரை அடையாளம் காட்டினால் குற்றம். பெயரை நீக்குவதோடு விடாதீர்கள். அப்பா பெயர், தெரு, பள்ளி மூன்றும் இருந்தால் பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சுருக்கத்தின் தலையிலும், தீர்ப்புக்குக் கோர்ட்டே தரும் நடுநிலை மேற்கோள் எண்ணைப் போடுங்கள். ‘ஐ.என்.எஸ்.சி.’ என்று இருந்தால் உச்ச நீதிமன்றம், ‘எம்.எச்.சி.’ என்று இருந்தால் மெட்ராஸ் ஹைகோர்ட். அந்தத் தீர்ப்பு மேலே ரத்தாகிவிட்டதா, தடை இருக்கிறதா என்று பார்த்த தேதியையும் போடுங்கள். ரத்தான தீர்ப்பை நம்பி ஒருவர் மனு எழுதினால் அவர் மாதக் கணக்கில் அலைவார்.

ராயபுரம்: கேஸ்ல விடுதலை ஆயிட்டேன். ஆனா என் பேரைத் தேடினா தீர்ப்பு வருது. எடுக்கச் சொல்லலாமா?

பதில்: இன்னும் தீராத சட்டக் கேள்வி இது. மெட்ராஸ் ஹைகோர்ட்டில் இப்படிக் கேட்ட ஒருவரின் மனுவைத் தனி நீதிபதி 2021-ல் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதி அமர்வு ஏற்றது. அந்த உத்தரவுக்கு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. உங்கள் மனுவுக்கு முன் அந்த வழக்கின் இப்போதைய நிலையைப் பாருங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் கேட்டால், விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கொடுங்கள்.

கொடுங்கையூர்: தீர்ப்பைப் படிச்சிட்டேன், வக்கீல் வைக்கத்தான் காசில்லை.

பதில்: 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. போகும்போது சி.என்.ஆர். எண், தீர்ப்பு பிரிண்ட், நகல் மனு போட்ட ரசீது மூன்றையும் எடுத்துப் போங்கள்.