கண்ணகியின் கோபத்தைக் கணினி எண்ணுமா?

பழைய இலக்கியத்தில் வரும் உணர்ச்சிகளைக் கணினி வைத்து ஆராய்வது பற்றி நம்மூர்ப் பக்கத்திலிருந்து, அதாவது இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து, வந்த கேள்விகளும் என் பதில்களும். பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் வைத்திருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி: அக்கா, கவலை என்றால் என்னவென்று கணினிக்குத் தெரியுமா?

தெரியாது தம்பி. எண்ணத்தான் தெரியும். எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வழக்கத்தைவிட அடிக்கடி வருகிறது என்று பார்க்கும். 2024இல் பின்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. கி.மு. 934 முதல் 612 வரையான அசீரியர் காலத்து (இன்றைய ஈராக் பக்கம்) அக்காதியம் என்ற பழைய மொழி எழுத்துகளில் பத்து லட்சம் சொற்களை எடுத்து, எந்த உணர்ச்சியோடு எந்த உறுப்பு சேர்ந்து வருகிறது என்று எண்ணினார்கள். மகிழ்ச்சி கல்லீரலோடு வந்தது, கோபம் பாதத்தோடு! இன்றைக்கு ஆட்களைக் கேட்டால் கோபத்தை நெஞ்சுப் பக்கத்திலும் கையிலும் காட்டுகிறார்கள்.

காரைதீவு: தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளை எட்டு மெய்ப்பாடாகப் பிரித்திருக்கிறதே. நம்மட உயர்தர வகுப்புப் பிள்ளைகளை வைத்து அதையே எண்ணிப் பார்க்கலாமா?

பார்க்கலாம் ரீச்சர். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்ற எட்டில் ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நான்கு காரணங்களாக 32 தலைப்பு ஆயத்தமாகவே கிடக்கிறது. ஆனால் இன்றைய அகராதியைக் கொடுத்தால் முதல் நாளே 'நகை' காலை வாரிவிடும். பாட்டில் தலைவி சிரிப்பாள், கணினி நகைக்கடைக்குப் போய்விடும்.

அதைக்கூடத் திருத்திவிடலாம். நான் உண்மையில் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். உணர்ச்சிச் சொற்களுக்கு நீளமாக ஒரு பட்டியல் போட்டுக் குறுந்தொகையின் 401 பாட்டுகளிலும் தேடினேன். நல்ல நல்ல பாட்டுகளெல்லாம் வெறுமையாக வந்து நின்றன. ஏனென்றால் அங்கே 'துயரம்' என்ற சொல்லே இருக்காது. வளை கழன்றிருக்கும், தோள் மெலிந்திருக்கும், நெற்றியில் பசலை, அதாவது பிரிவால் வரும் நிறமாற்றம், படர்ந்திருக்கும். அப்புறம்தான் உறைத்தது: மெய்யில் படுவதால்தானே அது மெய்ப்பாடு! அந்தப் பின்லாந்துக்காரர்கள் தேடிப் போன உடம்பு நம் இலக்கணத்தில் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே பிள்ளைகளிடம் தோள், நுதல் (நெற்றி), கண், வளை என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். முதல் ஐம்பது பாட்டைக் கையாலேயே குறிக்கட்டும். அதன் பிறகு கணினியின் முடிவோடு ஒப்பிட்டால் வகுப்பில் நல்ல சண்டை வரும், அது வரத்தான் வேண்டும்.

ஒலுவில்: என்னிடம் பழைய லப்டொப்தான் இருக்கிறது. பழைய பாட்டுகளை எங்கே எடுப்பது?

சங்கப் பாட்டுகளை எண்ண அது தாராளம். தமிழ் நூல்களை இணையத்தில் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பாடம் இலவசமாகக் கிடைக்கும். சந்தி பிரித்த பாடமாகத் தேடுங்கள், இல்லாவிட்டால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குழம்பும்.

காத்தான்குடி: இன்றைய தமிழுக்குச் செய்த உணர்ச்சிப் பட்டியலை அப்படியே போடக் கூடாதா?

'நோம் என் நெஞ்சே' என்று ஒரு குறுந்தொகைப் பாட்டு தொடங்குகிறது. 'வலி' என்று மட்டும் எழுதிப் பழகியவர்கள் போட்ட பட்டியலில் இது சிக்காது. நீங்களும் நானும் 'கால் நோகுது' என்றுதானே சொல்கிறோம்? நமக்கு உரை பார்க்காமலே விளங்கும். பட்டியலைத் திருத்த நம்மூர்ப் பேச்சே பாதி உதவி. உம்மாவிடமும் கேளுங்கள்.

ஆரையம்பதி: வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் அவள் கதைப் பாட்டான வழக்குரை படித்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு செய்கிறோம். சிலம்பில் அம்மனுடைய கோபத்தைக் கணினி பிடிக்குமா?

'தேரா மன்னா செப்புவது உடையேன்.' இதில் கோபம் என்று ஒரு சொல் உண்டா? ஆராயாத அரசனே, சொல்ல ஒன்று இருக்கிறது என்கிறாள், அவ்வளவுதான். கணினி இதை அமைதியான வரி என்று ஒதுக்கிவிடும். யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறாள் என்பதை நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்டதிலேயே ஒரு வழி இருக்கிறது, அண்ணா. குளிர்த்தி என்றால் கோபத்தைச் சூடாக எண்ணுகிறோம் என்றுதானே பொருள்? கண்ணகி வழக்குரையில் தீ, வெம்மை, குளிர், தண்மை என்ற சொற்கள் எங்கெங்கே, யார் பெயருக்குப் பக்கத்தில் வருகின்றன என்று எண்ணிப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. உங்கள் கோயிலில் படிக்கும் பாடத்தை யாராவது தட்டச்சுச் செய்து தந்தால் அடுத்த வைகாசிக்குள் தொடங்கிவிடுவேன்.